உண்ணியும் மணல் ஈயும் சுமந்து வரும் நோய்கள்: ஹலப் கொப்புளம் முதல் கருங்காய்ச்சல் வரை

அரபு மொழியில் உண்ணிக்குப் பருவந்தோறும் ஒரு பெயர் உண்டு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊர்கின்ற குஞ்சைக் ‘கம்காமா’ என்பர். சற்றே வளர்ந்ததை ‘ஹம்னானா’ என்பர். அடுத்த நிலையில் அது ‘குராத்’. இரத்தம் குடித்து உப்பித் திரண்டுவிட்டால் ‘ஹலமா’. ஒட்டகத்தை நம்பி உயிர் வாழ்ந்த ஒரு சமுதாயம், அந்த ஒட்டகத்தின் இரத்தத்தை உறிஞ்சும் சிற்றுயிரை எவ்வளவு நுணுகி நோக்கியிருக்கிறது என்பதற்கு இந்தப் பெயர் வரிசையே சான்று. உண்ணி பொறுக்குவதைக் குறிக்கும் ‘தக்ரீத்’ என்னும் சொல், ஒருவரை நயமாகப் பேசி ஏமாற்றுவதற்கும் வழங்கலாயிற்று. உண்ணி பொறுக்கும் கை உடலில் பட்டதும் முரட்டு ஒட்டகமும் இதமாக நின்றுவிடும். அந்த வேளை பார்த்துக் கயிற்றை மாட்டிவிடலாம். அகராதிகளில் இப்படிப்பட்ட சொற்களைக் காணும்போது மாணவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆயினும் அச்சொற்களுக்குப் பின்னே பல தலைமுறைகளின் கண்காணிப்பு இருக்கிறது.

கொசுவின் கதையும் இத்தகையதே. திருமறையின் அல்பகரா அத்தியாயம் 26ஆம் வசனத்தில் உவமையாக எடுத்தாளப்பெறும் ‘பஊளா’ என்னும் சொல், ‘பகுதி’ என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது என்று மொழியறிஞர் கூறுவர். ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரி, தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலில் சிங்கத்துக்கும் யானைக்கும் இடமளித்தது போலவே கொசுவுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் தனித்தனித் தலைப்பு வைத்து எழுதினார்.

ஆனால், ஓர் உயிரின் உடலில் இருக்கும் நோயை இச்சிற்றுயிர்கள் இன்னோர் உயிரின் உடலுக்குள் கொண்டு சேர்க்கின்றன என்னும் செய்தி அந்நூல்களில் நிறுவப்பட்ட உண்மையாக இல்லை. நம் மேடைகளில் சிலர், இன்றைய அறிவியல் கண்டவை யாவும் நம் முன்னோர் ஏடுகளில் அப்படியே இருக்கின்றன என்று முழங்குவதுண்டு. இவ்விஷயத்தில் அவ்வாறு சொல்ல இடமுமில்லை, தேவையுமில்லை. கிரேக்கத்திலோ இந்தியாவிலோ சீனத்திலோ ஐரோப்பாவிலோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை எவரும் இதை மெய்ப்பிக்கவில்லை. 1877இல் சீனத்துத் துறைமுக நகரான அமோயில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவர், யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழு கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டார். அங்கிருந்துதான் இந்த அறிவுத்துறை தொடங்குகிறது.

மேன்சன் கண்டது பாதி உண்மை. கொசு நோயைப் பெறுகிறது என்று அவர் காட்டினார். அது எவ்வாறு திருப்பித் தருகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. மறுபாதியை முழுமையாக முதலில் நிறுவிக் காட்டிய பெருமை உண்ணியைச் சேரும். அதுவும் மனித நோயில் அன்று, மாட்டு நோயில்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கு நோக்கி ஓட்டிச் செல்வது 19ஆம் நூற்றாண்டில் பெரிய வணிகமாக இருந்தது. தெற்கிலிருந்து வந்த மாடுகள் நோயின் அடையாளமே இல்லாமல் கொழுகொழுவென்று இருக்கும். அவை நடந்துபோன புல்வெளியில் சில வாரங்கள் கழித்து மேய்ந்த வடக்கத்தி மாடுகளோ காய்ச்சல் கண்டு, சிறுநீர் இரத்தநிறமாகி, கூட்டங்கூட்டமாக மடியும். நோயற்ற மாடு நோயைக் கொண்டு வருகிறது; அது போன பின்னரும் நிலம் கொல்கிறது; அதுவும் உடனே கொல்லாமல் ஒரு மாதம் பொறுத்துக் கொல்கிறது. உண்ணிதான் காரணம் என்று மாடு மேய்ப்பவர்கள் சொல்லி வந்தார்கள். கற்றவர்கள் அதைப் பாமரப் பேச்சு என்று ஒதுக்கினார்கள்.

தியோபால்ட் ஸ்மித் என்னும் ஆய்வாளரும் கில்போர்ன் என்னும் கால்நடை மருத்துவரும் 1889 முதல் இதனைச் சோதித்தார்கள். சோதனை எளிமையானது. தெற்கத்தி மாடுகளின் உடலிலிருந்து உண்ணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிட்டு வடக்கத்தி மாடுகளோடு சேர்த்து மேய விட்டார்கள், நோய் வரவில்லை. மாடுகளே இல்லாமல் உண்ணிகளை மட்டும் புல்வெளியில் தூவி வடக்கத்தி மாடுகளை விட்டார்கள்; நோய் வந்தது. 1893இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் ஓர் ஒட்டுண்ணியே நோய்க்குக் காரணம். இன்று அதன் பேரினத்துக்குப் பாபீசியா என்று பெயர். அதைச் சுமப்பது உண்ணி.

அந்த ஒரு மாதத் தவணைக்கும் விடை கிடைத்தது. இவ்வகை உண்ணி தன் வாழ்நாளை ஒரே மாட்டின் மேல் கழிப்பது. வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிந்துவிடும். முட்டை பொரித்து வரும் குஞ்சுகள் புல் நுனியில் ஏறி அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். தாய் குடித்த இரத்தத்திலிருந்த ஒட்டுண்ணி முட்டைக்குள்ளும் புகுந்து, இதுவரை எந்த மாட்டையும் கடித்திராத குஞ்சின் வாய் வழியே வெளிப்படுகிறது. தவணை என்பது முட்டை பொரிக்கும் காலமே. தெற்கத்தி மாடுகள் நலமாக இருந்ததன் மருமமும் விளங்கிற்று. அவை கன்றுப் பருவத்திலேயே இந்நோயைத் தாங்கித் தேறியவை. இளமையில் ஒருமுறை பட்டவர் பின்னர் காக்கப்படுகிறார் என்னும் இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹலப் நகரத்திற்குச் செல்லும்போது அது மீண்டும் வரும்.

எல்லாப் பூச்சிகளும் இப்படி ஒட்டுண்ணியை வளர்த்துத் தருவதில்லை. 1880இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள தேரா இஸ்மாயில் கானில் குதிரைகளும் ஒட்டகங்களும் ‘சுர்ரா’ என்னும் நோயால் மெலிந்து மடிந்தபோது, கிரிஃபித் எவன்ஸ் என்னும் படைக் கால்நடை மருத்துவர் அவற்றின் இரத்தத்தில் நெளிந்தோடும் நுண்ணுயிர்களைக் கண்டார். இது குதிரை ஈ போன்ற பெரிய கடி ஈக்களின் வாயுறுப்பில் ஒட்டிக்கொண்டு, சில நிமிடங்களுக்குள் அடுத்த விலங்கைக் கடிக்கையில் அதன் உடலில் இறங்குவது. இங்கே ஈ வெறும் ஊசி. ஊசியைத் துடைத்துவிட்டால் நோய் நின்றுவிடும். கொசுவும் உண்ணியும் அத்தகையன அல்ல. அவற்றின் உடல், ஒட்டுண்ணி உருமாறிப் பெருகுவதற்கென்றே அமைந்த வயல். அந்த வயலில் விளையாமல் நோய் அடுத்த உடலுக்குப் போகாது. இரண்டுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறியாமல் தடுப்பு முறைகளைப் பேசுவது வீண்வேலை.

இனி நம் மையப்பொருளுக்கு வருவோம். முஸ்லிம் உலகத்தின் பழம்பெரும் நகரங்கள் பலவற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு நோய் உண்டு. சிரியாவில் அது ‘ஹப்பத்து ஹலப்’, அதாவது ஹலப் கொப்புளம். ஈராக்கில் ‘ஹப்பத்து பக்தாத்’. மத்திய ஆசியாவில் ‘பல்க் புண்’. இப்னு சீனா இதனை அறிந்திருந்தார் என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆண்டு என்னும் பொருள்படும் ‘ஸால்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து ‘ஸாலக்’ என்ற பெயரும் வந்தது. ஏறத்தாழ ஓர் ஆண்டு இருந்துவிட்டுத் தானாக ஆறும் புண் என்பதால் அப்பெயர். பெரும்பாலும் முகத்திலோ கையிலோ சிறு பருவாகத் தொடங்கும். வலி இராது. மெல்ல மெல்ல விரிந்து நடுவில் குழிந்து பொருக்குத் தட்டும். ஆறிய பின் வாழ்நாள் முழுவதும் வடு நிற்கும். ஹலப் நகரில் பல்லாண்டுகள் மருத்துவராக வாழ்ந்த அலெக்சாண்டர் ரஸ்ஸல், 1756இல் வெளியிட்ட அந்நகரத்து இயற்கை வரலாற்றில் இதனை விரிவாக விவரித்தார். தண்ணீரால் வருவது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது.

இதன் உடன்பிறப்பு இன்னொன்று. அது தோலில் நில்லாமல் உள்ளுறுப்புகளைத் தாக்குவது. வங்கத்திலும் அஸ்ஸாமிலும் பீகாரிலும் மக்கள் அதனைக் ‘காலா ஆஸார்’ என்றனர். ‘ஆஸார்’ என்பது நோய், துன்பம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். தமிழில் கருங்காய்ச்சல் என்கிறோம். வாரக்கணக்கில் காய்ச்சல் நீடிக்கும். மண்ணீரல் வீங்கி வயிற்றை நிறைக்கும். உடல் மெலிந்து, இரத்தம் குன்றி, தோல் கருமை படியும். மருந்தின்றி விட்டால் ஏறத்தாழ எல்லோருமே இறந்துபோவர். ஓர் ஆண்டில் ஆறிவிடும் முகப்புண்ணும், ஊரையே காலி செய்யும் இக்காய்ச்சலும் ஒரே குடும்பத்து ஒட்டுண்ணிகளால் வருபவை என்று பார்த்த மாத்திரத்தில் யார்தான் நம்புவர்?

நம்ப வைத்த நிகழ்ச்சிகளில் ஒன்று சென்னையில் நடந்தது. இங்கிலாந்தில் நெட்லி படை மருத்துவமனையில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்பொருள்களைப் பற்றி வில்லியம் லீஷ்மன் 1903இல் எழுதினார். அச்சிப்பாய் கல்கத்தாவை அடுத்த டம் டமில் நோயுற்றவர். லீஷ்மன், அவை சிதைந்துபோன வேறோர் ஒட்டுண்ணியின் எச்சங்களாக இருக்கலாம் என்று கருதினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்ல்ஸ் டோனோவன் அதே பொருள்களை அவ்வாண்டிலேயே, தாமே கண்டிருந்தார். ஜூன் மாதத்தில், உயிருடனிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசியிட்டு எடுத்த சாற்றிலும் அவற்றைக் காட்டினார். உயிருள்ள உடலில் இருப்பது சிதைவின் எச்சமாக இருக்க முடியாதல்லவா? பாரிசில் லாவெரான் என்னும் பெரும் அறிஞர், இது டெக்சாஸ் மாட்டு நோயின் ஒட்டுண்ணிக்கு உறவு என்று எண்ணி அதற்கேற்பப் பெயரிட்டார். ரொனால்ட் ராஸ், இது முற்றிலும் புதிய வகை என்று கண்டு, இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனோவானி’ என்றார். அப்பெயரே நிலைத்தது. தாஷ்கந்தில் போரோவ்ஸ்கி என்ற இராணுவ மருத்துவர் 1898இலேயே தோல் புண்ணில் இத்தகைய ஒட்டுண்ணியைக் கண்டு ருஷ்ய மொழியில் எழுதியிருந்தார். அதனை மற்ற நாட்டார் அறிய நெடுங்காலம் ஆயிற்று.

சுமப்பது யார்? இந்த வினாவுக்கு விடை காண நாற்பதாண்டுகள் ஆயின. கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய பாட்டன் என்பவர் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். மூட்டைப்பூச்சியின் வயிற்றில் ஒட்டுண்ணி சிறிது வளரவும் செய்தது. ஆனால் அது அடுத்த மனிதருக்குப் போகும் வழி கிட்டவில்லை. பின்னர் கருங்காய்ச்சல் பரவியிருக்கும் நிலப்பகுதியும் ஒருவகை மணல் ஈ வாழும் நிலப்பகுதியும் ஒத்திருப்பது கவனத்துக்கு வந்தது. 1924இல் கல்கத்தாவில் நோலஸ், நேப்பியர், ஸ்மித் ஆகிய மூவரும் அந்த ஈயின் குடலில் ஒட்டுண்ணி செழித்து வளர்வதைக் கண்டனர். குற்றவாளி அகப்பட்டான் என்றே எல்லோரும் எண்ணினர். ஆயினும் அந்த ஈக்களை எத்தனை முறை கடிக்க விட்டும் நோய் தொற்றவே இல்லை. இப்படியே பல ஆண்டுகள் கழிந்தன.

புதிரை அவிழ்த்தது உலர்ந்த திராட்சை! ஆய்வுக்கூடத்தில் ஈக்களுக்கு மீண்டும் மீண்டும் இரத்தமே கொடுத்து வந்தார்கள். இயற்கையில் அவை இரத்தத்துக்கு இடையிடையே செடிகளின் இனிப்புச் சாற்றையும் உறிஞ்சுபவை. ஒருமுறை நோயாளியின் இரத்தம் கொடுத்துவிட்டு, அதன் பின் திராட்சைச் சாற்றில் வைத்து வளர்த்தபோது ஒட்டுண்ணி பல்கிப் பெருகி ஈயின் தொண்டை வரை அடைத்துக்கொண்டது. இம்முறையில் வளர்த்த ஈக்களைத் தாமாக முன்வந்த மனிதர்களைக் கடிக்கச் செய்து, கருங்காய்ச்சல் பரவும் வழியைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் 1942இல் அஸ்ஸாமில் நிறுவினர். அத்தன்னார்வலர்களின் துணிவை எண்ணிப் பார்க்கிறோம். அன்று கைவசமிருந்த மருந்துகளில் ஒன்று, உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்டறிந்து 1922இல் அறிவித்த யூரியா ஸ்டிபமின்.

இந்த மணல் ஈ எப்படிப்பட்டது? கொசுவில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும். நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். உடலெங்கும் மயிர். அமரும்போது இறக்கைகளை நிமிர்த்திப் பிரித்து வைத்திருக்கும். கொசுவைப் போல் ரீங்காரமிடுவதில்லை. ‘பாபாடாசி’ என்ற அதன் இத்தாலியப் பெயருக்கு ‘தின்பான், வாய் திறவான்’ என்பது போன்ற பொருள். பறக்கும் ஆற்றல் குறைவு. சிறிது காற்று வீசினாலும் பறக்க மாட்டாமல் தத்தித் தத்திச் செல்லும். தண்ணீரில் முட்டையிடாது. மண் சுவரின் வெடிப்பு, மாட்டுத் தொழுவத்தின் ஈரமண், எலிவளை ஆகியவையே அதன் பிள்ளைப்பேற்று அறைகள். ஆகவே, தேங்கிய நீரை அகற்றுக என்று கொசுவுக்குச் சொல்லும் அறிவுரை இதற்கு உதவாது. சாதாரணக் கொசுவலையின் கண் வழியே இது எளிதாக நுழைந்துவிடும்.

கடிப்பது பெண் ஈ மட்டுமே. முட்டை விளைய அதற்கு இரத்தம் வேண்டும். ஒட்டுண்ணிகள் அதன் குடலில் வால் போன்ற இழை முளைத்து நீந்தும் வடிவெடுக்கின்றன. அவை பெருகி ஒருவகைக் கோந்தைச் சுரந்து தொண்டை வழியை அடைத்துவிடுவதால், ஈயால் ஒரே மூச்சில் இரத்தம் குடிக்க இயலாது. அடைப்பை உமிழ்ந்துவிட்டு மீண்டும் மீண்டும் குத்தும். இவ்வாறு தன் பசியாலேயே நோயை விதைக்கிறது. உடலில் அந்நியர் நுழைந்தால் விழுங்கி அழிப்பதற்கென்றே நம்மிடம் பெரிய விழுங்கணுக்கள் உள்ளன. லீஷ்மேனியாவையும் அவை விழுங்குகின்றன. விழுங்கப்படுவதையே அது விரும்புகிறது. காவலனின் வயிற்றுக்குள் புகுந்து, வாலை உதிர்த்து, உருண்டு திரண்டு, அங்கேயே பல்கி, அவனை வெடிக்கச் செய்து அடுத்த காவலனிடம் செல்கிறது. அது தோலின் குளிர்ந்த பகுதியில் நின்றுவிட்டால் ஹலப் கொப்புளம். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை வரை சென்றுவிட்டால் கருங்காய்ச்சல்.

விலங்குகளின் பங்கு என்ன என்னும் வினா இங்கேதான் சிக்கலாகிறது. துருக்மேனிய, உஸ்பெக் பாலைகளில் இப்புண் அடிப்படையில் மனித நோயே அன்று. பெரிய ஜெர்பில் என்னும் பாலைவன எலியின் நோய் அது. அந்த எலியின் வளைக்குள்ளேயே மணல் ஈயும் குடியிருக்கிறது. எலியும் ஈயும் தமக்குள் நடத்திவரும் பரிமாற்றத்தில் இடையே புகுந்து குடியேறும் மனிதன் அகப்பட்டுக்கொள்கிறான். லாதிஷெவ், குருகோவா என்னும் சோவியத் ஆய்வாளர்கள் 1941இல் இதனை நிறுவினர். பின்னர் வளைகளை உழுது மூடியும் எலிகளுக்கு நஞ்சிட்டும் நோயைக் குறைத்தார்கள். சவூதி அரேபியாவின் அல்அஹ்ஸா பேரீச்சை வட்டாரத்திலும் இதே முறைதான்; எலியினம் மட்டும் வேறு. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிழைப்புக்காக அப்பகுதிகளின் தோட்டங்களிலும் கட்டுமான இடங்களிலும் இரவில் திறந்தவெளியில் உறங்குகிறார்கள். ஊர் திரும்பிய பின் ஆறாத புண்ணோடு இங்குள்ள மருத்துவரிடம் போனால், தாம் இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்நோயை அன்றாடம் காணாத மருத்துவருக்கு ஐயம் எழ வழியில்லை.

மத்திய தரைக்கடல் நாடுகளிலோ நாய்தான் களஞ்சியம். அங்கே குழந்தைகளுக்கு உள்ளுறுப்பு நோய் வருகிறது. ஹலப், காபூல் போன்ற நெருக்கமான நகரங்களில் எலியும் இல்லை, நாயும் இல்லை. ஒரு மனிதரின் முகப்புண்ணிலிருந்து ஈ எடுத்து இன்னொரு மனிதருக்குத் தருகிறது. பீகாரிலும் அவ்வாறே. அங்கு மாட்டுக்கொட்டில் ஈக்கு உணவும் உறைவிடமும் அளிக்கிறது. ஆனால் மாட்டின் உடலில் ஒட்டுண்ணி தங்குவதில்லை. காய்ச்சல் தீர்ந்தவர்களில் சிலருக்குச் சில மாதங்கள், சில ஆண்டுகள் கழித்துத் தோலில் வெளிறிய திட்டுகள் தோன்றும். அவர்களுக்கு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்பதால் மருந்து தேடுவதில்லை. அத்திட்டுகளில் ஒட்டுண்ணி உயிரோடிருக்கிறது. ஈ அங்கிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மலேரியாவுக்காகத் தெளித்த டி.டி.டி. மருந்தால் 1950களில் பீகாரில் மறைந்தாற்போலிருந்த கருங்காய்ச்சல், தெளிப்பு நின்ற பின் 1970களில் பெருவெள்ளமாகத் திரும்பியதற்கு இத்தகையோரே கனலைக் காத்தவர்களாக இருந்திருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். பங்களாதேஷ் 2023இல் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதபடி ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. இந்தியாவிலும் நோயாளிகள் தொகை மிகவும் சுருங்கிவிட்டது.

இலங்கையின் கதை தனி. அங்கேயே தொற்றிய முதல் தோல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். அதன் பின் நோய் பல மாவட்டங்களுக்குப் பரவிவிட்டது. வியப்பு என்னவெனில், இந்தியாவில் உள்ளுறுப்பைத் தாக்கும் அதே டோனோவானி இனத்தின் ஒரு வகை அங்கே தோலோடு நின்றுவிடுகிறது.

இனி, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி. ஹலப் கொப்புளம் ஒருமுறை வந்து ஆறியவருக்குப் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை என்பதை அவ்வட்டார மக்கள் மருத்துவர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர். வரத்தான் போகிறது என்றால் முகத்தில் வராமல் மறைவான இடத்தில் வரட்டுமே என்று, புண்ணின் சீழைக் குழந்தையின் உடலில் மறைவான இடத்தில் குத்தி ஏற்றுவது வழக்கமாயிற்று. குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு. முகத்து வடு அப்பெண்ணின் திருமணத்தைத் தடுக்கும் என்னும் அச்சமே காரணம். டெக்சாஸ் கன்றுகளுக்கு உண்ணி தானே செய்ததை ஹலப் அன்னையர் கையால் செய்தனர். இருபதாம் நூற்றாண்டில் இதையே ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒட்டுண்ணியைக் கொண்டு முறைப்படுத்தினர். ஈரான் 1980களில் ஈராக்குடன் நடந்த போரின்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இவ்வாறு ஏற்றியது. சிலருக்குப் புண் எளிதில் ஆறாததால் அது கைவிடப்பட்டது. மனிதருக்குப் பயன்படும் தடுப்பூசி இந்நோய்க்கு இன்றுவரை இல்லை.

2011இல் சிரியாவில் போர் மூண்டது. வீடுகள் இடிந்தன, இடிபாடுகளின் வெடிப்புகள் மணல் ஈக்கு இருப்பிடமாயின. மருந்து தெளிப்போர் இல்லை, மருத்துவமனைகளும் இல்லை. ஹலப்பிலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறினர். லெபனானில் அதற்கு முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த இந்நோய், 2013இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் காணப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிரிய அகதிகள். அக்காலத்தில் ஒரு வதந்தி உலகச் செய்தித்தாள்களிலும் இடம்பெற்றது. தெருவில் அழுகிக் கிடக்கும் பிணங்களிலிருந்து ‘சதை தின்னும் நோய்’ பரவுகிறது என்றார்கள். பிணத்திலிருந்து இந்நோய் பரவவே பரவாது. உயிருள்ள உடலின் இரத்தத்தை ஒரு பெண் ஈ குடித்து, அதன் குடலில் நாட்கள் கடந்து, அது இன்னொருவரைக் கடித்தாலன்றி வழியில்லை. வெப்பமண்டல நோய் வல்லுநர்கள் உடனே மறுத்தார்கள். மறுப்பு வதந்தி சென்ற தொலைவில் ஒரு பங்கும் செல்லவில்லை. அகதிக் குழந்தைகளின் முகத்துப் புண்ணைப் பார்த்து ஒதுங்கிய அண்டை வீட்டார்க்கு அந்த வதந்தி நல்லதொரு சாக்காயிற்று.

காபூலில் பல்லாண்டுப் போருக்குப் பின் உலகிலேயே மிகப் பெருமளவில் இந்நோய் நிலவியது. தொட்டால் ஒட்டும் என்று நம்பி, புண் வந்த பெண்களுக்குத் தனிப் பாத்திரம் வைத்தவர்களும், தாயைத் தன் கைக்குழந்தையைத் தூக்க விடாதவர்களும் உண்டு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஈயின் வேலையை அறியாமையால் ஒரு தாய்க்கு நேர்ந்த தண்டனை இது. தொடுவதாலும் சேர்ந்து உண்பதாலும் இப்புண் பரவாது.

அதே காபூலில் 1990களின் இறுதியில் ஓர் ஆய்வு நடந்தது. குடும்பங்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பெர்மெத்ரின் தோய்த்த கொசுவலை கொடுத்தார்கள். வலையின் கண் பெரிதாயினும் அதில் தோய்ந்த மருந்து ஈயை நெருங்க விடாது. இன்னொரு குழுவின் அறைச் சுவர்களில் மருந்து தெளித்தார்கள். மூன்றாவது குழுவுக்குப் புதிதாக எதுவும் கொடுக்கவில்லை. அவ்வூரார் பகலில் போர்த்திக்கொண்டு இரவில் அதையே மேல்விரிப்பாகக் கொண்டு உறங்கும் சாதரை வாங்கி, மருந்தில் நனைத்து உலர்த்தித் திருப்பித் தந்தார்கள். நான்காவது குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. பதினைந்து மாதங்கள் கழித்துக் கணக்கெடுத்தபோது, ஒன்றும் செய்யாத குழுவில் நூற்றுக்கு ஏழு பேருக்குப் புதிதாகப் புண் வந்திருந்தது. சுவரில் தெளித்த வீடுகளில் நான்கு பேருக்கும், வலை கட்டிய வீடுகளில் இரண்டு மூன்று பேருக்கும் வந்திருந்தது. வலைக்கு இருந்த அதே அளவு காப்பு, அதைவிட மிகக் குறைந்த செலவில் சாதரைப் போர்த்தி உறங்கியவர்களுக்கும் கிடைத்திருந்தது.